ஜோ ஹோலும் பூம்பாவையும்

ஐஸ் ஹொக்கியின் ஸ்டான்லி கிண்ணத்தில் 1919ஆம் ஆண்டுக்கு உரிய இடத்தில் இரண்டு அணிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன: மொன்றியல் கனேடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபொலிட்டன்ஸ். கூடவே, தொடர் நிறைவடையவில்லை என்ற குறிப்பு. அந்த வசந்தத்தில் சியாட்டிலில் இறுதித் தொடரின் ஐந்து ஆட்டங்கள் நடந்து, ஆளுக்கு இரண்டு வெற்றி, ஒன்று சமன் என்று நின்றது. ஏப்ரல் 1ஆம் திகதி ஆறாவது ஆட்டம். அதற்கு மொன்றியல் அணியில் எழுந்து நிற்கப் போதிய ஆட்கள் இல்லை. ஸ்பானியக் காய்ச்சல். முகாமையாளர் ஜோர்ஜ் கெனடி கிண்ணத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்றார். சியாட்டிலின் பீட் மல்டூன் வாங்க மாட்டேன் என்றார். 5ஆம் திகதி மொன்றியலின் தடுப்பாட்டக்காரர் ஜோ ஹோல் அந்த ஊரிலேயே நிமோனியாவில் இறந்துபோனார். முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன மனிதர். எத்தனையோ அடிதடிகளில் விழாதவரைக் காய்ச்சல் விழுத்தியது.

என் கணினியில் ஜோ ஹோல் 1920இலும் ஆடினார்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். இரவு வேலை முடிந்து வந்து, வீட்டில் எல்லோரும் உறங்கும் நேரத்தில் பிரான்சைஸ் ஹொக்கி மனேஜர் என்ற விளையாட்டைத் திறப்பேன். இதில் மட்டையைப் பிடித்துப் பக் என்ற ரப்பர் வட்டை அடிக்கும் வேலை கிடையாது. அணியின் முகாமையாளராக உட்கார வேண்டும். யாரை வாங்குவது, யாரை விடுவது, எந்த மூவரை ஒன்றாக முன்வரிசையில் இறக்குவது என்பதெல்லாம் நம் பொறுப்பு. 1917இல் மொன்றியலில் தேசிய ஹொக்கி லீக் தொடங்கிய காலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு வீரருக்கும் சறுக்கும் வேகம், அடியின் திறம், உடல்வலு, காயப்படும் இயல்பு என்று எண்கள் இருக்கும். விளையாட்டில் ஒரு நாளை முன்னே நகர்த்தினால் அந்த எண்களை வைத்துக்கொண்டு கணினி உள்ளே தாயம் உருட்டும். சேமித்து வைத்த இடத்திலிருந்து அதே இரவை இன்னொரு முறை ஓடவிட்டால் வேறு முடிவு வரும்.

ஹோவி மொரென்ஸுக்கு 1937 ஜனவரியில் மொன்றியல் ஃபோரத்தில் கால் முறிந்தது. ஆறு கிழமைக்குள் இறந்துபோனார். என் விளையாட்டில் வேகம் குறைந்து, வயதாகி, ஓய்வு பெற்றார். பில் பரில்கோ 1951 ஏப்ரல் 21 இரவு மேலதிக நேரத்தில் கோல் போட்டு ரொறன்ரோவுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். அந்த ஓகஸ்டிலேயே, மீன்பிடிக்கப் போய்த் திரும்பும் வழியில் சிறு விமானம் விழுந்து மாண்டார். உடலைக் கண்டெடுக்க 1962 ஆயிற்று. அவரும் என்னிடத்தில் முப்பது வயதைத் தாண்டி ஆடினார். அவருடைய பெயருக்கு நேரே புதிய பருவத்தின் எண்கள் ஏறும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அந்த நிறைவை நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை.

இப்படி ஓடவிட்டுப் பார்க்கும்போது எழுகிற கேள்வி சமயக் கேள்விதான். நடந்ததை நடக்காததாக்க இறைவனால் முடியுமா?

11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி பீட்டர் டேமியன் இதையே எடுத்து ஒரு நீண்ட மடல் எழுதினார். உரோமாபுரி ஒருநாளும் இருந்ததில்லை என்று ஆக்கிவிட எல்லாம் வல்லவரால் முடியுமா என்பது அதில் வருகிற எடுத்துக்காட்டு. கடவுளின் வல்லமைக்கு வேலி போட டேமியனுக்கு மனம் வரவில்லை. பின்னால் வந்த தோமா அக்குவினாஸ் முடியாது என்று சொன்னார். நடந்தது நடக்கவில்லை என்பது தனக்குள்ளேயே முரண்படுகிற பேச்சு, அதைச் செய்யாமலிருப்பது இறைவனுக்குக் குறையல்ல என்பது அவருடைய நிலை. நான் அக்குவினாஸின் பக்கம். ஆனால் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் சேக்கிழார்.

சேக்கிழார் சொல்லும் கதையில் சுந்தரர் அவிநாசியில் ஒரு வீதி வழியே போகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஐந்து வயதில் ஒன்றாகக் குளிக்கப் போனவர்கள். ஒருவனை முதலை கொண்டுபோய்விட்டது. தப்பி வந்தவனுக்கு இன்றைக்குப் பூணூல் சடங்கு. எதிர்வீட்டுப் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கும் இன்றைக்கு இது நடந்திருக்குமே என்று அழுகிறார்கள். சுந்தரர் பாடுகிறார். முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விடுகிறது, இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு. இந்த இடத்தை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பிள்ளையோடு அவன் வளராமற்போன ஆண்டுகளும் திரும்பி வருகின்றன. பரில்கோவுக்கு நான் கொடுக்க ஆசைப்பட்டதும் அதைத்தான்.

ஆனால் அந்தத் தாய் அழுத ஆண்டுகள் அழுத ஆண்டுகளாகவே இருக்கின்றன. மகனுடைய பால்பல் விழுந்ததை அவள் பார்க்கவில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை.

மயிலாப்பூர்ப் பூம்பாவையின் கதையில் இது இன்னும் வெளிப்படை. சிவநேசர் தன் மகளைச் சம்பந்தருக்கென்று வளர்க்கிறார். பாம்பு தீண்டி இறந்த பிள்ளையின் சாம்பலைக் குடத்தில் காத்து வைக்கிறார். சம்பந்தர் பாட, பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுந்து வருகிறாள். ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார் தகப்பன். சம்பந்தர் மறுக்கிறார், நான் உயிர் கொடுத்ததால் எனக்கு மகள்முறை என்கிறார். பாம்பு தீண்டியதே இல்லாமற் போயிருந்தால் மறுப்பதற்குக் காரணமே கிடையாது. அவள் இறந்தது உண்மை. எழுந்து வந்த பிறகும் அந்தச் சாவு கணக்கில் நிற்கிறது, அதனால் உறவே மாறுகிறது. சைவத்தில் அருள் நடந்ததை அழிக்கிறதாக நான் எங்கும் காணவில்லை. நடந்ததன்மேல் ஒன்றைச் சேர்க்கிறது. கிண்ணத்தில் பொய்யாக ஒரு வெற்றியாளரை எழுதாமல், தொடர் முடியவில்லை என்று பொறித்தவர்களும் அதைத்தான் செய்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

ஹொக்கியில் அப்படிச் சேர்த்த ஒரு கணத்தை ஸ்டீவ் ஸ்மித்தின் கதையில் பார்க்கலாம். 1986 ஏப்ரல் 30. அன்று அவருக்கு 23வது பிறந்தநாள். எட்மன்ரன் ஒயிலர்ஸ் முன்னைய இரண்டு ஆண்டும் கிண்ணம் வென்ற அணி; கல்கரியோடு தொடரின் ஏழாவது ஆட்டம், மூன்றாம் பகுதி, இரண்டுக்கு இரண்டு. தன் கோலுக்குப் பக்கத்திலிருந்து ஸ்மித் பக்கைக் குறுக்கே தள்ளுகிறார். அது அவருடைய கோல்காப்பாளர் கிராண்ட் ஃபூரின் காலில் பின்புறமாகப் பட்டு உள்ளே போகிறது. ஸ்மித் அப்படியே பனித்தளத்தில் முகங்குப்புற விழுந்து கிடந்தார். மூன்றுக்கு இரண்டு என்று ஆட்டம் போயிற்று. அடுத்த ஆண்டு எட்மன்ரன் மறுபடி வென்றது. அணித்தலைவர் வேன் கிரெட்ஸ்கி கிண்ணத்தை வாங்கினார். அடுத்ததாக யார் கையில் கொடுப்பது என்பது அவருடைய உரிமை. அவர் ஸ்மித்தைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

அந்த 1986 இரவை நான் ஓடவிட்டிருக்கிறேன். அந்தக் கோல் வரவில்லை. வரவும் வராது, எந்தத் தாயமும் அப்படியொரு தவறை அதே நொடியில் உருட்டித் தராது. ஸ்மித் கறையில்லாமல் அடுத்த பருவத்துக்குப் போனார். 1987இல் கிரெட்ஸ்கி அவரைக் கூப்பிடுவதற்கும் என் விளையாட்டில் காரணம் இல்லாமற் போயிற்று.

அப்படியென்றால் அந்தத் தவறு நடந்ததே நல்லது என்று சொல்லிவிடலாமா? லைப்னிட்ஸ் 1710இல் வெளியிட்ட நூலின் முடிவில் ஒரு மாளிகையைக் கட்டிக் காட்டுகிறார். ஒவ்வொரு மண்டபமும் நடந்திருக்கக்கூடிய ஓர் உலகம். உரோமையின் செக்ஸ்டஸ் ஒரு மண்டபத்தில் தோட்டம் வாங்கிப் புதையல் எடுத்து நிம்மதியாக வாழ்கிறான்; உச்சி மண்டபத்தில் பெரும் பாதகம் செய்கிறான். அந்தப் பாதகத்திலிருந்து உரோமையின் விடுதலை பிறப்பதால் உச்சி மண்டபமே மிகச் சிறந்த உலகம், அதுவே நம் உலகம் என்கிறார். ஸ்மித்தை நினைக்கும்போது எனக்கும் அந்தப் பக்கம் மனம் சாயும். என் பெரியம்மாவை நினைத்தால் சாயாது.

அவருடைய மகன் ஊரில் ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. இங்கே செத்தவீடுகளில் யாராவது பக்கத்தில் வந்திருந்து அது அவன்ரை விதி என்று ஆறுதல் சொன்னால் பெரியம்மா விடமாட்டார். “விதியெண்டு சொல்லாதை தம்பி. காய்ச்சலிலை போயிருந்தால் விதி. இவனைக் கொண்டுபோனது மனுசர்,” என்று ஒருமுறை என்னிடமே சொன்னார். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்து, ஆள்வினை உடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தது முரண் என்று பட்டிமன்றங்களில் பேசுகிறார்கள். பெரியம்மாவுக்கு அதில் முரண் எதுவும் தெரியாது. எது யார் கையில் இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

அதை எனக்கும் பிரித்துக் காட்டியது இந்த விளையாட்டுத்தான். காய்ச்சலும் விமானமும் கால்முறிவும் திரும்ப உருட்டினால் சிதறிப் போகின்றன. அவை வேறுவிதமாகவும் நடந்திருக்கலாம் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. ஆனால் 1958 வரை தேசிய ஹொக்கி லீக்கில் கறுப்பின வீரர் ஒருவர்கூட ஆடவில்லை. நாற்பது ஆண்டுகள் எல்லாத் தாயமும் ஒரே பக்கம் விழாது. அங்கே தாயம் உருட்டப்பட்டதே இல்லை.

ஹேர்ப் கார்னகி ரொறன்ரோவில் யமேக்கப் பெற்றோருக்கு 1919இல் பிறந்தவர். ஜோ ஹோல் இறந்த அதே ஆண்டு. கியூபெக்கின் மாகாண லீக்கில் 1946, 1947, 1948 என மூன்று ஆண்டும் தொடர்ந்து மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார். 1948இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அவரைப் பயிற்சிக்கு அழைத்துப் பார்த்து, கீழ்நிலை அணிகளில் ஆடச் சொன்னது. அங்கே கிடைக்கும் சம்பளம் கியூபெக்கில் அவர் வாங்கியதைவிடக் குறைவு. மறுத்துவிட்டார். பிறகு கியூபெக் ஏசஸில் இளைஞரான ஜோன் பெலிவோவோடு ஆடினார். பெலிவோ பெரும் புகழுக்குப் போனார். கார்னகிக்கு அந்தக் கதவு கடைசிவரை திறக்கவில்லை. வட யோர்க்கில் அவர் பெயரில் ஐஸ் அரங்கு இருக்கிறது. என் மகள் சறுக்கப் பழகியது அங்கேதான். அவளுக்குச் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கார்னகியை என் லீக்கில் சேர்த்தேன். அவருக்கான எண்களை நானே எழுதினேன். ரொறன்ரோவுக்காக நன்றாக ஆடினார், கோல்கள் போட்டார். அந்தக் கோல்கள் அவருடையவை அல்ல என்பது எனக்குத் தெரியும். அவை என் ஆசையின் கோல்கள். பரில்கோவுக்கு நான் கொடுத்த ஆண்டுகளும் அப்படியே. ஆனால் ஒன்று: பரில்கோவின் ஆண்டுகளை அவரிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. கார்னகியின் ஆண்டுகளை எடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அலுவலகமும் மேசையும் பேனாவும் இருந்தன. விளையாட்டில் அவரைச் சேர்க்க எனக்குச் சில நிமிடங்கள் போதுமாயிருந்தது. அது அவ்வளவு இலகுவாக இருந்ததுதான் என்னைக் கோபப்படுத்தியது. அவர் 2012இல் காலமானார். ஹொக்கிப் புகழ்மண்டபம் அவரை 2022இல் ஏற்றுக்கொண்டது, வீரர் என்ற பிரிவில் அல்ல, விளையாட்டை வளர்த்தவர் என்ற பிரிவில். தாமதம் கொடியது. என்றாலும் அவர் லீக்கில் ஆடினார் என்று யாரும் இப்போது நடிக்கவில்லை, அது சரி.

அந்தத் தடையை உடைத்தவர் வில்லி ஓரீ. 1958 ஜனவரி 18, மொன்றியல் ஃபோரம், பொஸ்டன் புரூயின்ஸ் சட்டை. இரண்டு வருடங்களுக்கு முன்பே பக் பட்டு வலது கண் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. அதை மறைத்துத்தான் ஆடினார். அவருக்குக் கொடுத்த இடம் இடதுபக்கம். நடுவிலிருந்து தள்ளிவிடும் பக் வலப்புறமாக வரும்; தெரியாத கண்ணின் பக்கம். ஆகவே முழு வேகத்தில் சறுக்கிக்கொண்டே, தலையை வலது தோளுக்கு மேலாகத் திருப்பி, இடது கண்ணால் பக்கைத் தேட வேண்டும். அந்தப் பருவத்தில் இரண்டு ஆட்டம், 1960–61இல் 43 ஆட்டம், அவ்வளவோடு லீக்கில் அவர் காலம் முடிந்தது. பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் அணியில் அவரை வலதுபக்கத்துக்கு மாற்றினார்கள். எல்லாம் நல்ல கண்ணின் பக்கமாக வரத் தொடங்கியது. மேற்கு லீக்கில் கோல் அடித்தவர்களின் பட்டியலில் இரண்டு முறை முதலிடம் பிடித்தார்.

என் விளையாட்டில் இப்போது 1958 ஜனவரி. பொஸ்டன் என் பொறுப்பில் இருக்கிறது. ஓரீயின் எண்களைக் கூட்டிவிடலாம், ஒரு நொடி வேலை. அவற்றை நான் தொடவில்லை. கண்ணை எடுத்தது பக். இரண்டு ஆட்டத்தோடு திருப்பி அனுப்பியது ஒரு முகாமையாளரின் முடிவு, அந்த இருக்கையில் இப்போது நான் இருக்கிறேன். மொன்றியல் ஆட்டத்துக்கான பட்டியலில் அவர் பெயரை இரண்டாம் வரிசையின் வலதுபக்கத்துக்கு மாற்றி, பருவம் முடியும்வரை அங்கேயே வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்து, நாளை நகர்த்தினேன்.