பாத்திரமாதல்

ஒரு கலம் எப்போது தூய்மையாகிறது என்பது சமயச் சிந்தனையின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் தூய்மை பற்றிய பெரும்பிரிவு, கலங்களையே பொருளாகக் கொண்ட ‘கேலிம்’ என்னும் 30 இயல் நூலோடு தொடங்குகிறது. எந்தக் கலம் தீட்டை ஏற்கும், எது ஏற்காது, ஏற்றதை எவ்வாறு மீட்பது, எதை மீட்கவே இயலாது என்று அந்நூல் சலியாமல் ஆராய்கிறது. வழிபாட்டோடு தொடர்பற்றதாகத் தோன்றும் ஓரிடத்தில் இதே கேள்வி இன்றும் நாள்தோறும் எழுகிறது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், சொந்தத் தேவைக்காக வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சி வரியிலிருந்து விடுவித்தது. அதன்பின் அங்கு பெருகிய வீட்டு பீர்க்காரர்கள், தாம் காய்ச்சியதை ஊற்றி வைக்கும் ‘கெக்’ என்ற கலத்தைத் துலக்கும்போது, அறிந்தோ அறியாமலோ கேலிம் நூலின் வினாக்களையே மீண்டும் எழுப்புகின்றனர்.

கெக் என்பது ஐந்து அமெரிக்க காலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர் கொள்ளும், துருப்பிடிக்காத எஃகாலான உயரமான உருளைக் கலம். இன்று வீடுகளில் பெரிதும் புழங்கும் அதன் வடிவம் பீருக்காக உருவானதன்று. குளிர்பானக் கடைகளுக்குச் சர்க்கரைப் பாகு கொண்டுசெல்வதற்காகச் செய்யப்பட்டு, ‘கார்னீலியஸ்’ என்ற நிறுவனப் பெயரால் அறியப்பட்ட இக்கலங்கள், பாகு வணிகம் அட்டைப்பெட்டிக்குள் வைத்த பிளாஸ்டிக் பைகளுக்கு மாறியபோது பழைய பொருளாகக் குறைந்த விலைக்கு வந்து வீடுகளுக்குள் நுழைந்தன. ஆகவே இங்கு முதலில் எழும் ஐயமே, வேறொன்றுக்காக வாழ்ந்த கலம் இன்னொன்றுக்கு உரியதாகுமா என்பதுதான்.

இத்தொழிலில் மூன்று செயல்களைப் பிரித்தறிய வேண்டும். கண்ணுக்கோ கைக்கோ தட்டுப்படும் படிவை அகற்றுவது கழுவுதல். கழுவிய பரப்பில் எஞ்சிய நுண்ணுயிர்களைக் கேடு செய்ய இயலாத அளவுக்குக் குறைப்பது கிருமிநீக்கம். ஓர் உயிரும் எஞ்சாமல் அழிப்பது முழுக் கிருமியழிப்பு. வீட்டில் பீர் காய்ச்சுவோர் முதலிரண்டையும் செய்கின்றனர். மூன்றாவதை அவர்கள் நாடுவதில்லை. முதலாவது முடியாமல் இரண்டாவதைத் தொடங்குவதிலும் பயனில்லை, ஏனெனில் படிந்த அழுக்கு நுண்ணுயிர்களுக்கு அரணாக நின்று மருந்து அவற்றைத் தொடாமல் காக்கும். எனவே முதலில் கலத்தினுள் இருக்கும் அழுத்தத்தைத் திறந்துவிட்டு, மூடியைக் கழற்றி, வாயு நுழையும் முனை, பீர் வெளியேறும் முனை, அவற்றினுள் வில்லோடு அமர்ந்த சிறு வால்வுகள், அடிவரை இறங்கும் நீண்ட குழாய், குட்டைக் குழாய், ரப்பர் வாஷர்கள் என ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்கின்றனர். சோடியம் பெர்கார்பனேட் போன்ற காரப்பொருள் கரைந்த வெந்நீரில் ஊறும்போது புரதமும் ஈஸ்ட்டும் ஹாப் பிசினும் இளகிப் பிரிகின்றன. ஆனால் கால்சியம் ஆக்சலேட் புரதத்தோடு சேர்ந்து இறுகும் ‘பீர்க்கல்’ என்ற சாம்பல்நிறப் படிவு காரத்துக்கு எளிதில் இணங்காது. அதைக் கரைக்க அமிலம் வேண்டும். அப்படிவு நனைந்திருக்கையில் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாமல், கலம் நன்கு உலர்ந்த பிறகே மங்கலான படலமாக வெளிப்படுகிறது.

பீரைக் கெடுப்பவை பெரும்பாலும் கலத்தின் அகன்ற வயிற்றில் தங்குவதில்லை. கண்ணும் விரலும் எட்டாத நீண்ட குழாயின் உட்சுவரிலும் வால்வின் மடிப்பிலுமே தங்குகின்றன. மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில், கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் துலக்கி உட்புறத்தை விட்டுவிடுவோரை இயேசு கடிந்துகொள்ளும் பகுதியைப் போலிப் பக்திக்கு எதிரான உருவகமாக மட்டுமே வாசிப்பது வழக்கம். கலத்தின் புறமும் அகமும் தீட்டைத் தனித்தனியே ஏற்குமா என்பது கேலிம் நூலிலும் இடம்பெறும் மெய்யான சட்ட விவாதம் என்பதை நினைவிற்கொண்டால், அவ்வுருவகம் கழுவுவோரின் அன்றாட அனுபவத்தில் வேர்கொண்டிருப்பது விளங்கும். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கின் 31ஆம் அதிகாரம், மடத்தின் பண்டகக் காப்பாளர் அங்குள்ள எல்லாக் கலங்களையும் கருவிகளையும் பலிபீடத்தின் திருக்கலங்களாகவே கருத வேண்டும் என விதிக்கிறது. பெல்ஜியத்தின் டிராப்பிஸ்ட் மடங்களில் பீர் காய்ச்சும் துறவியர் இன்றும் அவ்வொழுங்கின்கீழ் வாழ்பவர்கள். காண்பார் எவரும் இல்லாத குழாயின் உட்புறத்தில் நுழையும் தூரிகைக்கும் பீடத்தின்மேல் உயர்த்தப்படும் கிண்ணத்துக்கும் ஒரே மரியாதையைக் கோரும் இவ்விதி, தூய்மையைப் பற்றிச் சமய உலகம் சொன்னவற்றுள் மிக ஆழமானவற்றில் ஒன்று.

கலம் எதனால் ஆனது என்பது அடுத்த கேள்வி. லேவியராகமத்தின் 15ஆம் அதிகாரம் தீட்டுப்பட்ட மண்கலத்தை உடைத்துவிடச் சொல்கிறது. மரக்கலத்தை நீரால் கழுவினால் போதும் என்கிறது. எண்ணாகமத்தின் 31ஆம் அதிகாரம் பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு முதலிய உலோகங்களைத் தீயில் கடத்தி எடுக்கப் பணிக்கிறது. பிற்காலத் தால்முத் அறிஞர்கள் இவ்விதிகளிலிருந்து ஒரு பொதுநெறியை வகுத்தனர்: கலம் ஒரு பொருளை எவ்வழியில் உள்வாங்கியதோ அவ்வழியிலேயே அதை வெளிவிடும், கொதிநீரில் உள்வாங்கியது கொதிநீரிலும், நேர்நெருப்பில் உள்வாங்கியது நெருப்பிலும் வெளியேறும், சுட்ட மண்ணோ உள்வாங்கியதை ஒருபோதும் முழுமையாக வெளிவிடாது. வறட்டுச் சடங்கு என்று ஒதுக்கப்படும் இந்நெறி, பொருள்களுக்கு நினைவு உண்டு என்ற நுட்பமான ஒரு கொள்கையைத் தாங்கி நிற்கிறது. பழைய குளிர்பானக் கெக்கை வாங்கியவர் இதை மூக்கால் அறிவார். எஃகு ஒரு கழுவலில் தன் கடந்த காலத்தை விட்டுவிடும். ரப்பர் வாஷரோ ‘ரூட் பீர்’ என்னும் வேர்ச்சுவைப் பானத்தின் மணத்தைப் பலமுறை ஊறவைத்தாலும் விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்து வரும் பீருக்குக் கொடுக்கும். ஆகவே வாஷரை மாற்றிவிடுவதே வழக்கமாயிற்று. உடைக்கப்பட வேண்டிய மண்கலமும் கழுவி மீட்கத்தக்க உலோகமும் இங்கு ஒரே கலத்தின் உறுப்புகளாக அமைந்திருக்கின்றன.

எஃகின் மறதிக்கும் ஒரு காரணம் உண்டு. அதிலுள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு கூடிச் சில நானோமீட்டர் தடிப்பே உள்ள ஆக்சைடு படலமாக மேலே மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் அப்படலம் தானே மீண்டும் உருவாகிறது. தூய உலோகம் என்று விரல் தொட்டு உணர்வது உண்மையில் காற்றோடு கலந்து மாறிய அதன் தோலையே. தூய்மையில் மிகுந்த ஆர்வங்கொண்டு சலவைக் குளோரினை ஊற்றி நெடுநேரம் விட்டுவைப்பவர், குளோரைடு அப்படலத்தைத் துளைத்து நுண்குழிகளை உண்டாக்குவதையும், அக்குழிகளே பின்னர் நுண்ணுயிர்களின் புகலிடமாவதையும் காண நேரும். அளவு கடந்த தூய்மை வேட்கை தன் பொருளையே புண்படுத்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இனி, அகற்றப்படும் அழுக்கு என்பதுதான் யாது? மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வெளியிட்ட ‘தூய்மையும் ஆபத்தும்’ என்ற நூலில், அழுக்கு என்பது இடம் மாறிய பொருள் என்றும், எதை அழுக்கு என்கிறோமோ அது நம் வகைப்பாட்டின் ஒழுங்கைக் குலைப்பது என்றும் விளக்கினார். பீரின் வரலாறு இக்கருத்துக்கு வியக்கத்தக்க ஆதரவு தருகிறது. லூயி பாஸ்டர் 1876இல் பீர் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டு, பீர் கெடுவதற்கு அயல் நுண்ணுயிர்களே காரணம் என்று நிறுவினார்; 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து வளர்த்தெடுத்த தனித்த ஈஸ்ட்டைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் கார்ல்ஸ்பெர்க்கையே சேர்ந்த ஹெல்டே கிளாசன், ஆங்கிலேயப் பீரின் தனிச்சுவைக்குக் காரணமான ஓர் அயல் ஈஸ்ட்டை இனங்கண்டு, அதற்குப் பிரித்தானியப் பூஞ்சை என்று பொருள்படும் ‘பிரெட்டனோமைசிஸ்’ என்ற பெயரை 1904இல் அறிவித்தார். இவ்வீஸ்ட் பில்ஸ்னர் என்ற தெளிந்த பீரில் நுழைந்தால் அது கெட்டதெனக் கொட்டப்படும். பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்திலோ புட்டியில் அடைக்கும் வேளையில் அதை வேண்டுமென்றே சேர்க்கின்றனர். பிரசெல்ஸ் வட்டாரத்தின் ‘லாம்பிக்’ பீருக்கோ ஈஸ்ட்டே இடப்படுவதில்லை. திறந்த தொட்டியில் இரவுக் காற்றில் ஆறும் காய்ச்சிய சாறு, காற்றிலும் மரப்பீப்பாய்களிலும் வாழும் உயிர்களை ஏற்று மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நொதிக்கிறது. அப்பீப்பாய்களை வெந்நீரால் கழுவத்தான் செய்கின்றனர், ஆனால் மரத்தின் நினைவை அழித்துவிடாத அளவோடு.

எனினும் டக்ளஸின் விளக்கம் பாதி வழியே வருகிறது. வகைப்பாட்டை மாற்றிக்கொண்டால் அழுக்கு மறைந்துவிடும் என்பது அதன் உட்கிடை; பில்ஸ்னரில் புகுந்த பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாவோ எவர் எப்படி வகைப்படுத்தினாலும் வெண்ணெய் நாற்றத்தைத் தந்தே தீரும். கலத்துக்கும் அது ஏற்கவிருக்கும் பானத்துக்கும் இடையில் மெய்யான ஓர் உறவு உள்ளது. மனித மனம் அதைக் கண்டறிகிறது. ஆதலால் தூய்மை கலத்தின் தனிப்பண்பும் ஆகாது, காண்பவரின் கற்பிதமும் ஆகாது. வரவிருக்கும் ஒன்றை நோக்கிய கலத்தின் தகுதி அது என்று கொள்வதே பொருந்தும். தமிழ்மொழி இதை முன்பே தன் சொல்லில் பொதிந்து வைத்திருக்கிறது. வடமொழியிலிருந்து வந்து தமிழில் ஊன்றிய ‘பாத்திரம்’ என்ற சொல் கலத்தையும் குறிக்கும், ஒன்றைப் பெறத் தகுந்தவரையும் குறிக்கும். அன்புக்குப் பாத்திரமானவர் என்றும் அபாத்திர தானம் என்றும் வழங்குவதில், கொள்ளும் இடமும் கொள்ளும் தகுதியும் ஒரே சொல்லாகி நிற்கின்றன.

கிருமிநீக்கத்தின் இறுதிப் படி இத்தகுதியின் இயல்பை மேலும் துலக்குகிறது. பாஸ்பாரிக் அமிலமும் நுரைபொருளும் சேர்ந்த ‘ஸ்டார் சான்’ போன்ற கரைசலை, 19 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் என்ற அளவில் கலந்து, ஓரிரு நிமிடம் எல்லாப் பரப்பிலும் படவிட்டபின், நீரால் அலசாமலே விட்டுவிடுகின்றனர். கலத்தில் நுரை எஞ்சியிருப்பது புதியவரைக் கலங்கச் செய்யும். ஆனால் அந்நுரையை அலசப் புகும் குழாய்நீரே புதிய உயிர்களைக் கொண்டுவரக்கூடும் என்பதால், எஞ்சிய நுரையே காவலாகிறது. அலசி அலசி ஒன்றுமில்லாமையை அடைந்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே நின்றுபோகிறது.

ஒன்றுமில்லாமை என்பதே கிடைக்கக்கூடியதா என்ற ஐயமும் இங்கு எழுகிறது. தாவோ தே ஜிங்கின் 11ஆம் இயல் களிமண் கலத்தின் பயன் அதன் வெறுமையில் உள்ளது என்கிறது; 1950இல் மூனிக்கில் நிகழ்த்திய ‘பொருள்’ என்ற உரையில் மார்ட்டின் ஹைடெகரும் குடத்தின் கொள்திறனை அதன் வெற்றிடத்திலேயே கண்டு, அங்கிருப்பது வெறும் காற்று என்னும் அறிவியலின் கூற்று குடத்தின் குடத்தன்மையைத் தவறவிடுகிறது என்றார். ஹைடெகரின் அழகிய பகுப்பாய்வு இவ்விடத்தில் காற்றைச் சற்று எளிதாகக் கடந்துவிடுகிறது. பீர் காய்ச்சுபவருக்கு அக்காற்றே பெரும் பகை. ஆக்சிஜன் பீரை விரைவில் பழசாக்கி ஈரமான அட்டையின் சுவையை ஏற்றும். ஆகையால் அவர் கிருமிநீக்கக் கரைசலை விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு முனை வழியாகக் கரியமில வாயுவைச் செலுத்தி மறுமுனை வழியாகக் கரைசலை முழுவதும் வெளியேற்றுகிறார். கரைசல் விட்டுச்சென்ற இடம் காற்றுக்கு ஒரு கணமும் திறவாமல், பீருக்கு இசைந்த வாயுவுக்கே உரியதாகிறது. வெறுமை என்று காண்பது, உரியதொன்றால் நிரம்பிய ஆயத்தம்.

பனையேறிகளின் தொழிலும் இவ்வாயத்தத்தை அறியும். ஒரே பாளையிலிருந்து சொட்டும் ஒரே சாறு, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் நொதிக்காமல் பதநீராக இறங்குகிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழுந்தால் அங்கேயே நொதித்துக் கள்ளாகிறது. முன்னதில் சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டை அடக்குகிறது. பின்னதில் முந்தைய நாளின் ஈஸ்ட் கலயச் சுவரில் தங்கி அடுத்த சாற்றை வரவேற்கிறது. மரமேறும் முன்பே, கீழே நின்று கலயத்தைத் தடவும் கையில் அன்றைய பானம் முடிவாகிவிடுகிறது.