உடலில் நேர்வதும் ஆள் செய்வதும்

எண்ணெய் போட்டுத் தடவி வலி எடுப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிய வைத்தியம் அல்ல. தோவாளைப் பூச்சந்தையில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவரும், ரப்பர் தோட்டத்தில் வழுக்கி விழுந்தவரும், பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவரும் இன்றும் தேடிப் போவது பெரும்பாலும் ஒரு வர்ம ஆசானின் மரப்பலகையைத்தான். சித்த மருத்துவம் இந்தச் சிகிச்சையைத் தொக்கணம் என்று அழைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடு இருந்ததால் உழிச்சல் என்னும் களரித் தடவலும் இங்கே கலந்து ஊறிவிட்டது. இப்போது கன்னியாகுமரிக்கு வரும் பயணிகளை நம்பி நடக்கும் ஆயுர்வேத நிலையங்களும் இதோடு சேர்ந்துகொண்டன. பழைய பலகைக்கும் புதிய மேசைக்கும் பொதுவான ஒன்று உண்டு; அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. சிகிச்சையின் நடுவே, ஆண் நோயாளிக்குத் தான் வேண்டாமலே ஆணுறுப்பு விறைத்துவிடுவது அது. இதை ஒழுக்கக்கேடு என்று கொள்ளலாமா? கூடாது என்றால், அத்தோடு அந்த ஆணின் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? இரண்டு கேள்விக்கும் இல்லை என்பதே சரியான விடை. முதல் ‘இல்லை’யைச் சொல்ல நம் ஊர் கூச்சப்படுகிறது. இரண்டாவதைச் சொல்ல ஆண்கள் தயங்குகிறார்கள்.

முதலில் உடலைப் பார்ப்போம். விறைப்பு இரண்டு வழியில் வரும். மனத்தில் எழும் நினைவோ காட்சியோ மூளையிலிருந்து இறங்கி வருவது ஒரு வழி. தொடுகை மட்டுமே காரணமாக, முதுகுத்தண்டின் அடியில் திருவெலும்புப் பகுதியில் உள்ள இரண்டாம், மூன்றாம், நான்காம் நரம்பு வேர்கள் வழியாக நடப்பது மற்றொன்று. இரண்டாவது வழிக்கு மூளையின் அனுமதி வேண்டியதில்லை. மேல் முதுகுத்தண்டு முற்றிலும் அறுபட்டு, இடுப்புக்குக் கீழே எந்த உணர்வும் இல்லாதவர்களுக்கும் தொடுகையால் விறைப்பு வருகிறது என்பது மருத்துவம் நெடுநாளாக அறிந்த உண்மை. தொட்டது தெரியாத ஒருவரிடம் அவர் ஆசைப்பட்டார் என்று எப்படிக் குற்றம் சாட்டுவது? ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கண் உருளும் கனவுக் கட்டங்களில், ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை இது நிகழ்கிறது. கைக்குழந்தைக்கும் நிகழ்கிறது. போதாததற்கு, விறைப்பைத் தூண்டும் நரம்புத் தொகுதிதான் உடல் இளைப்பாறும்போது மேலோங்குகிறது. பயமும் பதற்றமும் அதை அடக்கும். நிம்மதி அதை அவிழ்த்துவிடும். ஆக, வலியோடு வந்தவரின் தசை தளர்ந்து மூச்சு சீராகும் அந்த வேளையில், இடுப்பிலும் பிட்டத்திலும் தொடையிலும் கை ஓடிக்கொண்டிருக்கும்போது, இந்த அனிச்சைச் செயல் எழுவது சிகிச்சை உடலில் பிடித்திருக்கிறது என்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம். குளிரில் மயிர் சிலிர்ப்பதைப் போன்றது அது. சிலிர்த்தவரை யாரும் விசாரிப்பதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உடல் மனத்தின் கண்ணாடி என்றுதான் நாம் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உள்ளத்து உணர்வு உடலில் தோன்றும் விதத்தையே இலக்கணமாக வகுத்தது. வியர்வையும் நடுக்கமும் கண்ணீரும் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்றால், விறைப்பு மட்டும் எதையும் காட்டாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மெய்ப்பாடு கவிதைக்கு வகுத்த இலக்கணம். அங்கே உடலின் ஒவ்வொரு குறியையும் கவிஞன் பொருளோடு வைக்கிறான். சிகிச்சை அறையில் அப்படி வைக்க யாரும் இல்லை. அங்கே ஒரே குறிக்குப் பல காரணங்கள் இருக்கும். நிறைந்த சிறுநீர்ப்பைகூட ஒரு காரணமாகலாம். ஒழுக்கத்தைத் துல்லியமாக எடைபோட்ட மரபுகள் இந்த வேறுபாட்டை முன்பே கண்டிருக்கின்றன. பௌத்தத் துறவியர் ஒழுக்க நூலான விநயம், வேண்டுமென்றே விந்து வெளிப்படுத்துவதைப் பெருங்குற்றங்களின் வரிசையில் வைத்துவிட்டு, கனவில் நேர்வதை அந்த விதியிலேயே விலக்கிவிடுகிறது. காமத்தை எள்ளளவும் பொறுக்காத ஒரு சட்டமே இவ்வளவு கவனமாக விலக்கு அளித்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிறிஸ்தவர்களான இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் புனித அகுஸ்தினாரின் பெயரும் அறியாததல்ல. உடல் விருப்பத்துக்குக் கீழ்ப்படியாததை மனித வீழ்ச்சியின் தண்டனையாகக் கண்டு வெட்கியவர் அவர். அவருமே, பாவம் என்பது மனம் இசையும் இடத்தில்தான் தொடங்குகிறது என்றே எழுதினார். வெட்கம் வேறு, குற்றம் வேறு. நம்மிடம் இரண்டும் ஒன்றாய்க் குழம்பிக் கிடக்கின்றன.

அந்தக் குழப்பத்தின் விலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் அது வைத்தியசாலைக்கு வெளியே மிகக் கொடூரமாக வசூலிக்கப்படுகிறது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 விழுக்காட்டினர் ஆண் குழந்தைகள். அப்படித் துன்புற்ற சிறுவனின் உடல் எதிர்வினை காட்டியிருந்தால், ‘எனக்கும் பிடித்திருந்ததோ’ என்ற சந்தேகம் அவனை ஆண்டுக்கணக்கில் வாயடைத்து வைக்கிறது. துன்புறுத்தியவனும் அதையே சாட்சியாகக் காட்டி மிரட்டுகிறான். விரும்பாத தீண்டலிலும் ஆண் உடலும் பெண் உடலும் எதிர்வினை காட்டக்கூடும், அது இசைவுக்குச் சான்றாகாது என்று ராய் லெவினும் வில்லி வான் பெர்லோவும் 2004-இல் தடயவியல் மருத்துவ இதழில் ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். ‘உடல் எழுந்தால் மனம் வேண்டியது’ என்ற ஒரே நம்பிக்கைதான் மசாஜ் மேசையில் படுத்திருக்கும் நடுவயதுக்காரரையும் கூனிக் குறுக வைக்கிறது, பன்னிரண்டு வயதுச் சிறுவனையும் ஊமையாக்குகிறது. முதலாமவருக்கு நேர்வது ஒரு சங்கடம். இரண்டாமவனுக்கு வாழ்வே சிதைகிறது. இந்த நம்பிக்கையை உடைப்பது அவனுக்காகவாவது அவசரமான வேலை.

ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஆணுக்கு விடுதலை கொடுத்துவிட்டு, அந்த அறையில் நிற்கும் மற்றொருவரை மறந்த கட்டுரையாகிவிடும். சிகிச்சை செய்கிறவர் தொழிலாளி. எதிரே எழுந்திருப்பது அனிச்சைச் செயலா, அடுத்த நிமிடம் வரப்போகும் அத்துமீறலின் தொடக்கமா என்பது அவருக்குத் தெரியாது. சிறிய அறை, மூடிய கதவு. அவர் பெண் என்றால், முன்பு பட்ட கசப்பு அவர் கைகளில் இருக்கும். தன் உடலில் நேர்ந்ததற்கு அந்த ஆண் குற்றவாளி அல்லதான். எனினும் அதனால் இன்னொருவர் மனத்தில் ஓர் அச்சம் பிறந்துவிட்டது, அதைத் தணிக்கும் திறன் அவரிடம்தான் இருக்கிறது. குற்றம் இல்லாத இடத்திலும் கடமை பிறக்கும். தற்செயலாக ஒருவர் காலை மிதித்துவிட்டால் நாம் பாவம் செய்ததாக யாரும் சொல்வதில்லை. ஆனாலும் காலை எடுத்துக்கொண்டு ஒரு சொல் சொல்கிறோம். இங்கே அந்தக் கடமை மிகச் சிறியது: அசையாமல் இருப்பது, அதைக் காட்டாமல் இருப்பது, பேச்சாக்காமல் இருப்பது, தேவைப்பட்டால் ‘சற்று நிறுத்துங்கள்’ என்பது. கவனம் கொடுக்காவிட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். ‘இது தொழிலில் சகஜம், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்’ என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது வேறொரு கதை. நிகழ்வைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம். அதைச் சாக்காக வைத்து நடக்கும் எதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அப்படியானால் அத்துமீறுகிறவன் இந்த வாதத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ள மாட்டானா? பிடிக்க முயல்வான். ஆனால் கேடயம் அவனைக் காக்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு பாலியல் தொல்லை என்று பட்டியலிடுவது, வேண்டாத வெளிப்படையான பாலியல் நெருக்கத்தை, பாலியல் சலுகை கேட்பதை, பாலியல் நிறமுள்ள பேச்சை, இவை போன்றவற்றை. எல்லாம் செயல்கள். உடலின் நிலை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. கையைப் பிடித்து இழுப்பதும், ‘கொஞ்சம் கீழே’ என்று குறிப்பு காட்டுவதும், துணியை வேண்டுமென்றே நழுவவிடுவதும் அனிச்சைச் செயல்கள் அல்ல. அவற்றுக்கு முடிவெடுக்கும் ஒரு மனம் தேவை. உடலின் நிலையை விடுவிப்பதால் செயல்மீதான கண்டிப்பு தளர்வதில்லை; கண்டிப்பு எங்கே விழ வேண்டுமோ அங்கே துல்லியமாக விழுகிறது. இன்னும் கடினமான ஒரு நிலையும் உண்டு. மனத்தில் உண்மையாகவே ஓர் ஆசை எட்டிப் பார்த்தது, உடலும் எழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எட்டிப் பார்த்த எண்ணம் குற்றமாகாது. அதைப் பிடித்து வளர்ப்பதும் பிறர்மேல் ஏவுவதும்தான் ஆளின் செயல்.

தீர்வு என்று இரண்டு பரிந்துரைகள் அடிக்கடி வரும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று சட்டமே போட்டுவிடலாம் என்பது ஒன்று. வர்ம ஆசான்களின் பழைய வழக்கம் பெரிதும் அப்படித்தான். அதை வேண்டுகிற நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் அந்தத் தேர்வு கட்டாயம் கிடைக்க வேண்டும். ஆனால் அனிச்சைச் செயல் தொடுகிறவர் ஆணா பெண்ணா என்று பார்த்து எழுவதில்லை. ஆண் கையிலும் அது நேரும். அப்போது தன் பாலின நாட்டத்தைப் பற்றியே ஒருவர் தேவையில்லாமல் கலங்கிப்போகிறார். டெல்லி அரசு 2021-இல் ஸ்பாக்களில் எதிர்பாலார் மசாஜ் செய்யத் தடை போட்டபோது, அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இரண்டாவது பரிந்துரை கேமரா. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 2021 டிசம்பரில் ஸ்பாக்களில் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொல்லி ஓர் உத்தரவு வந்தது. 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், உள்ளே கேமரா வைப்பது உடல்சார்ந்த தன்னுரிமையை மீறும் என்று, தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் ஏற்ற புட்டசாமி வழக்கின் 2017 தீர்ப்பை அடியொற்றி மாறுபட்டார். அவர் சொன்னதே சரி. அரை உடையில் எண்ணெய் வழியப் படுத்திருப்பவரின் படத்தைச் சேமித்து வைக்கும் நிலையம், ஒரு சங்கடத்தைத் தவிர்க்கப் போய்ப் பெரிய ஆபத்தை உண்டாக்குகிறது.

எது உதவும் என்றால், முன்கூட்டிச் சொல்வது. தமிழர்கள் பெருந்திரளாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மசாஜ் சிகிச்சையாளர்கள் சட்டப்படிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிட்டம், உள் தொடை போன்ற இடங்களைத் தொட நோயாளியின் எழுத்து வழி இசைவு வேண்டும். நம் வைத்தியசாலையில் காகிதம்கூட வேண்டாம். கோவணமோ கச்சையோ இறுகக் கட்டச் சொல்வது, தடவாத பகுதியைத் துணியால் மூடி வைப்பது என்ற பழக்கங்கள் மரபில் இருப்பவைதான். அதோடு ஆசான் ஐந்து வாக்கியம் சொன்னால் போதும்: ‘கை படும் இடங்கள் இவை. சிலருக்கு உடம்பு தன்பாட்டில் எழும்பும். வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் கவிழ்ந்து படுக்கச் சொல்வேன், இல்லையென்றால் காலுக்குப் போய்விடுவேன். வேண்டாம் என்றால் எப்போதும் நிறுத்தலாம். நானும் நிறுத்துவேன்.’ சொன்னால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுமே என்பார்கள். பதற்றம்தான் கவனத்தை அங்கேயே கட்டிப்போடுகிறது. பெயர் சொல்லப்பட்ட விஷயம் பாதிப் பதற்றத்தை இழந்துவிடும். கடைசி வாக்கியத்துக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பெண் ஊழியருக்குப் பாதுகாப்பு தரும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. பத்துக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள இடங்களுக்காக மாவட்ட அளவில் ஒரு குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது அதே சட்டம். தோவாளையில் மூன்று பேரோடு நடக்கும் ஓர் எண்ணெய்ச் சிகிச்சை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்ணும் அந்தக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அந்தத் தகவல் நிலையத்தின் சுவரில், தைலங்களின் விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டப்பட வேண்டும். படுக்க வருகிறவரும் அதை வாசிக்கட்டும்.