விரட்டாமல் இருப்பதும் ஈகைதான்

ஜொகூரின் லாயாங் லாயாங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டமும் காட்டோரமும் சேரும் இடங்களில் குரங்குகள் சாதாரணம். உதிர்ந்த பழத்தைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெரிய கடுவன் நல்ல இடத்தைப் பிடித்திருக்கும். மந்திகள் அகப்பட்டதைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு, ஓரமாகப் போய் நிதானமாக மெல்லும். குட்டி தாயின் தாடைக்குக் கீழே முகத்தை நுழைத்து, அவள் வாயிலிருந்து சிந்துவதைப் பொறுக்கித் தின்னும். தாய் ஊட்டிவிட மாட்டாள், தள்ளிவிடவும் மாட்டாள்.

தள்ளிவிடாத அந்தத் தாயிடம்தான் என் மனம் போய் நிற்கிறது. குரங்குகள் உணவைப் பகிர்வதாக ஆய்வாளர்கள் குறித்து வைத்திருப்பவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். ஒன்று எடுக்கிறது, மற்றது விட்டுவிடுகிறது. கையில் எடுத்துக் கொடுப்பது மிக அரிது. நம் பக்கத்துக் குரங்கினங்களில் மந்தியின் அந்தஸ்து தாய்வழியாகப் பிறப்பிலேயே வந்துவிடுகிறது. மேல்நிலையில் உள்ள மந்தி வந்தால் கீழ்நிலையில் உள்ளது இடத்தைவிட்டு எழுந்தாக வேண்டும். பயத்தில் பல்லைக் காட்டியாக வேண்டும். இவ்வளவு கறாரான கூட்டத்தில் இன்னொன்றைப் பக்கத்தில் இருந்து தின்ன விடுவதே பெரிய காரியம். பேன் பார்த்துப் பழகியவற்றுக்கே பெரும்பாலும் அதற்கும் வழி பிறக்கிறது.

போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாந்தியாகோ என்ற சிறு தீவில், 1938-இல் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன ரீசஸ் குரங்குகளின் வாரிசுகள் வாழ்கின்றன. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி அந்தத் தீவின் மரங்களை முறித்துப் போட்டது. வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் சூடு. ஒதுங்கவோ நிழல் இல்லை. மிஞ்சிய நிழலுக்காக அவை ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. முன்பு நெருங்கவிடாத குரங்குகளையும் பக்கத்தில் உட்கார விட்டன. சொந்தத்தையும் பழைய கூட்டாளிகளையும் தாண்டி இந்தப் பொறுமை பரவியது. அப்படிப் பொறுத்துப் போனவை செத்துப்போகும் அபாயம் 42 விழுக்காடு குறைந்ததாக 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எந்தக் குரங்கும் நிழலை எடுத்துக் கொடுக்கவில்லை. வந்ததை விரட்டவில்லை, அவ்வளவுதான். அதுவே பல உயிர்களைக் காத்தது.

விரட்டாமல் இருப்பதன் நன்மைக்கு நம் மலேசியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. பெரோக் என்று மலாயில் சொல்லும் குட்டைவால் குரங்கைத் தோட்டங்களில் பயிரை அழிக்கும் பிராணி என்றே துரத்துகிறார்கள். பேராக் மாநிலம் செகாரியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. அந்தக் குரங்குகளால் ஏற்படும் விளைச்சல் இழப்பு ஒரு விழுக்காடுகூட இல்லை. ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 எலிகளைப் பிடித்துத் தின்கிறது. செம்பனைக் குலைக்கு எலிதான் பெரிய பகை. துரத்துகிறவருக்கு, தாம் எதைத் துரத்துகிறோம் என்பது அந்த நேரத்தில் தெரிவதில்லை.

கையில் எடுத்துக் கொடுக்கும் குரங்குகளும் உண்டு. தென் அமெரிக்காவின் மார்மோசெட்டுகள் பிறர் குட்டிக்கும் உணவு கொடுக்கும். அங்கே குட்டி வளர்ப்பது தாய்க்கு மட்டுமான வேலை அல்ல. குடும்பம் முழுவதும் குட்டிகளைச் சுமக்கிறது. இதைப் படித்தபோது தோட்டத்து ஆயாக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போன தாய்மார்களின் பிள்ளைகள் அங்கே ஒரே பாயில் படுத்தார்கள், ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தார்கள். யார் பிள்ளை என்று பார்த்து ஆயா கஞ்சி ஊற்றவில்லை. பக்கத்தில் இருக்க விட்டால், கொடுக்கும் குணம் பின்னாலேயே வரும் என்று நான் நம்புகிறேன்.

இன்று அந்தத் தோட்டங்களின் லயத்து வீடுகளிலிருந்து நம்மவர்கள் பலர் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். குலை வெட்டும் வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்திருக்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் கப்பலில் வந்து இறங்கியபோது இருந்த அதே நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் அள்ளிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கடையில் அவர்கள் வரிசையில் நிற்கும்போது முகம் சுளிக்காமல் இருக்கலாம். பிள்ளைகள் ஆடும் திடலில் வந்து உட்கார்ந்தால், ஏன் வந்தாய் என்ற பார்வையைத் தவிர்க்கலாம்.

பந்தியில் இலை முன் உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது என்பது நம் வழக்கம். சாதி பார்த்து அதே பந்தியிலிருந்து ஆளை ஒதுக்கியதும் நாம்தான். மேல்நிலை மந்திக்கு எழுந்து இடம்விடும் மந்தியைப் போல எத்தனையோ பேரை எழ வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தைப் புதிதாக வந்தவர்மேல் காட்டக் கூடாது. கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். விரட்டாமல் இருக்க ஒன்றும் வேண்டாம். அதனால், இல்லை என்று சொல்லி அந்தக் கடமையிலிருந்து தப்பிக்க நம்மில் யாருக்கும் வழியில்லை.