மூன்றாவது பரப்பு

இணங்கி நிற்பவை எல்லாம் நேர்மையானவைதாமா?

வல்வெட்டித்துறைக் கரையில் மரக்கலம் கட்டிய மேத்திரிமார், ஒரு பலகையின் விளிம்பை அடுத்த பலகைக்கு இசையச் செதுக்கினர். 1930இல் அங்கே உருவான ‘அன்னபூரணி’, அமெரிக்கர் ஒருவர் கைக்கு மாறி, பெயரும் மாறி, 1938இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மரக்கலத்தின் உடலுக்குப் பொருத்தமே உயிர். ஆனால் பொருத்தம் மட்டுமே எங்கும் போதுமானதாகிவிடாது.

பட்டறையிலுள்ள பழைய மில்லிங் இயந்திரத்தைப் பாருங்கள். அதன் மேசை சறுக்குத் தடங்களின்மேல் முன்னும் பின்னும் நகர்கிறது. நடுப்பகுதியில் வேலை அதிகம். தேய்வும் அங்கேயே அதிகம். தடம் குழியக் குழிய, அதன்மேல் உரசும் பரப்பும் அக்குழிக்கு இசையவே தேய்கிறது. இரண்டிற்கும் பிணக்கில்லை. எனினும் அம்மேசையில் சீவப்படும் பொருள் கோணலாகவே வெளிவருகிறது. விலையைக் கொடுப்பது அந்தப் பொருள்.

இப்பொய்யை இரு பரப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண்டறிய இயலாது. மேடும் பள்ளமும் கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்றாவது பரப்பு ஒன்று வேண்டும். மூன்று இரும்புத் தட்டுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டால், மூன்றும் சமமாக இருந்தாலொழிய எல்லா இணைகளும் பொருந்தமாட்டா. சமதளங்களை இவ்வாறு சுரண்டி உருவாக்கும் முறையை ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோ அறிஞர் அவையில் விளக்கினார். இம்முறையில் எந்தத் தட்டும் மற்றவற்றிற்கு எசமானன் அன்று. ஒவ்வொன்றும் சோதிக்கிறது, சோதிக்கவும் படுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சாதி அடுக்கும் நெடுங்காலம் இத்தகைய இணக்கத்தையே ஒழுங்கு என்று காட்டி வந்தது. ஒருவன் நிமிர, மற்றவன் குனிந்தான். அதற்கு ஊரமைதி என்று பெயரிட்டனர். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்த போராட்டமும், மனிதர் யாவரும் சமம் என்னும் மூன்றாவது பரப்பை அவ்வமைதியின்மேல் வைத்துப் பார்த்தன. மேடு எது, பள்ளம் எது என்பது அப்போது மறைக்க முடியாதபடி வெளிப்பட்டது. கோணலை உண்டாக்கியவர்கள் போராடியவர்கள் அல்லர்; ஏற்கெனவே இருந்ததை அவர்கள் காட்டினார்கள்.

பட்டறைத் தொழிலாளி தெரிந்து வைத்திருக்கும் மற்றோர் உண்மையும் உண்டு. நேரான தட்டில் நீலம் தடவி, தேய்ந்த தடத்தில் உரசிப் பார்த்தால், உயர்ந்த இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அவற்றையே அவர் சுரண்டுகிறார். சுரண்டியால் பள்ளத்தை நிரப்ப முடியாது. மேட்டைத்தான் குறைக்க முடியும். தேயாத ஓரங்களை அப்படியே விட்டுவிட்டுத் தடத்தைச் சமமாக்க வழியில்லை. சலுகை எதையும் இழக்காமல் சமத்துவம் பேசுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்தொழிலாளி ஒரே மூச்சில் அள்ளிச் சுரண்டுவதுமில்லை. சிறிது எடுக்கிறார், மீண்டும் நீலம் தடவுகிறார், மீண்டும் பார்க்கிறார். தம் கையையும் ஒவ்வொரு முறையும் சோதனைக்கு உட்படுத்துகிறார். மாணவருக்குக் கற்பிக்கும் நாமும், சமுதாயத்தை மாற்ற விழையும் நாமும், அச்சோதனைக்கு விலக்கானவர்கள் அல்லர். நம் கொள்கையின்மேலும் நீலம் தடவிப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும்.