பார்க்கப் போனவர்கள்

2016 அக்டோபரில் தென்கொரியாவின் பூசான் நகரில் நடந்த 21ஆவது சர்வதேசத் திரைப்பட விழாவில் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரையிடப்பட்டது. லெனின் பாரதி இயக்கிய படம். விஜய் சேதுபதி தயாரித்தார். ஏலத்தோட்டங்களுக்கும் அடிவாரத்துக்கும் இடையே சுமையோடு ஏறி இறங்கும் ரெங்கசாமி என்ற கூலித் தொழிலாளி, ஒரு துண்டு நிலத்துக்கு ஆசைப்படுகிற கதை. தேனி மாவட்டத்து மலையும் அதன் ஒற்றையடிப் பாதைகளும் அந்த மனிதர்களின் பேச்சும் அவ்வளவு உண்மையாக அதுவரை திரைக்கு வந்ததில்லை என்பது போடிக்காரியான என் எண்ணம். பூசானில் இருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள். போடிக்குப் படம் வந்துசேர 2018 ஆகஸ்ட் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யார் முதலில் பார்த்தார்கள் என்று கணக்குத் தீர்க்க நான் வரவில்லை. திரைப்பட விழாக்கள் இல்லையென்றால் இப்படிப்பட்ட படங்களுக்குத் திரையரங்கே கிடைத்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி வேறு. பார்க்கப்படுவது ஒன்று, பார்ப்பது இன்னொன்று. மலையில் உழைக்கிற பெண்ணின் துயரம் உலகத்தின் பார்வைக்குப் போய்விட்டால் அவளுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவள் எதையாவது பார்க்கிறாளா, பார்த்து இது நன்று, இது பொய் என்று சொல்லும் இடத்தில் இருக்கிறாளா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பாதி நியாயம்தான்.

‘தேர்வு’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். விழாவுக்குப் படம் ‘தேர்வாகியிருக்கிறது’ என்கிறோம். போடியில் தேர்வு என்பது பெண்கள் அன்றாடம் செய்யும் வேலை. மலையிலிருந்து காய்ந்து வரும் ஏலக்காயைப் பருமன் பார்த்து, நிறம் பார்த்து, வெடித்ததையும் கறுத்ததையும் தனியே ஒதுக்குகிறார்கள். கிட்டத்தட்ட ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய்தான் தேறும். செடியின் தூரில், மண்ணை ஒட்டி ஓடும் சரங்களிலிருந்து குனிந்தும் குத்தவைத்தும் அதைப் பறிப்பதும் பெண்கள்தான். பிறகு காய் ஏலத்துக்குப் போகிறது. பொருளுக்கும் ஏலம் என்று பெயர், அதை விற்கும் முறைக்கும் ஏலம் என்று பெயர்; தமிழில் இரண்டும் ஒரே சொல். ஆனால் முதல் ஏலத்தில் இருக்கிற பெண்ணைப் பெரும்பாலும் இரண்டாவது ஏலத்தில் பார்க்க முடியாது. மாதிரியைக் கையில் உருட்டிப் பார்த்து விலை சொல்கிற வியாபாரிகளின் வரிசையில் அவளுக்கு இருக்கை இல்லை. அவ்வளவு நுட்பமான கண், அது பார்த்ததன் விலையைச் சொல்லும் உரிமை மட்டும் அதற்குக் கிடையாது. இந்தப் பொருளுக்கு நாம் வைத்திருக்கிற பட்டப்பெயர் ‘நறுமணப் பொருள்களின் அரசி’ என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

திரைப்பட விழாவிலும் இதே அமைப்பைத்தான் காண்கிறேன். நம் ஊர்ப் பெண்ணின் வாழ்க்கை அங்கே மாதிரியாகப் போகிறது. படத்தில் ரெங்கசாமியின் மனைவி ஈஸ்வரியை எடுத்துக்கொள்வோம். காயத்ரி கிருஷ்ணா நடித்திருக்கும் அந்தப் பெண்ணை இயக்குநர் எந்த இடத்திலும் மலினப்படுத்தவில்லை. ஆனாலும் ரெங்கசாமி சிறையில் இருக்கும் ஆண்டுகளில் வீட்டையும் பிள்ளையையும் தாங்கி நிற்கிறவள் அவள்தானே? அவன் மலையேறுவதைக் கல் கல்லாக, வளைவு வளைவாகப் பார்க்கிறோம். அவளுடைய அந்த ஆண்டுகள் சட்டெனக் கடந்துவிடுகின்றன. சுமை என்றால் தலையில் இருக்கிற மூட்டை என்று நம் கண் பழகியிருக்கிறது. இது லெனின் பாரதியின் குறை மட்டுமில்லை. உழைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தோன்றும் சித்திரமே அப்படித்தான் இருக்கிறது.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு பல கிலோமீட்டர் நடந்தே வந்த தன் சகோதரியின் அனுபவத்திலிருந்து அந்தப் படம் பிறந்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்திலோ நடக்கிறவன் கணவன். மனைவியைத் தேடிப் போய், மகனோடு கொதிக்கும் வெயிலில் திரும்புகிறான். பெண்ணை நடக்கவிட்ட வெயிலில் ஆணை நடக்கவைத்தது நல்ல நீதி. பெண்ணின் வதையைக் காட்சிப்பொருளாக்காமல் விட்டதும் எனக்குப் பிடித்தது. அடுத்த படமான ‘கொட்டுக்காளி’ 2024இல் பெர்லின் விழாவுக்குப் போனது. அதில் மீனாவுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று நம்பி, குடும்பமே ஆட்டோவிலும் இருசக்கர வாகனங்களிலும் அவளைப் பூசாரியிடம் கொண்டுபோகிறது. அன்னா பென் நடித்த அந்தப் பெண் படம் முழுவதும் ஏறக்குறையப் பேசுவதேயில்லை, பார்க்கிறாள். அவளைச் சுற்றியிருக்கும் அத்தனை ஆண்களும் அவளுடைய அந்தப் பார்வையைத்தான் நோய் என்கிறார்கள். பார்க்கிற பெண்ணை இந்தச் சமூகம் என்ன செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தமிழ்ப்படங்கள் குறைவு.

அதே கேள்வியை என் ஊரில், திரைக்கு வெளியே நான் கேட்டிருக்கிறேன். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தன. மகளிர் தினத்தை ஒட்டிய அந்தப் பயணத்தில் சென்னைக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். காய்ந்த போதைப்புல்லில் தீ பரவியபோது இறங்க வழியில்லாமல் போனது. மலையிலும் பிறகு மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குரங்கணி மக்கள்தான் முதலில் மேலே ஓடி, கிடைத்த போர்வையிலும் டோலியிலும் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள்.

அந்த வாரத்தில் பேருந்திலும் கடைத்தெருவிலும் கைபேசியிலும் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருந்தது. ‘பொம்பளைப் பிள்ளைகளுக்கு மலையில என்ன வேலை?’

அனுமதி இருந்ததா, கோடையில் அந்தப் பாதையில் விட்டது யார், வழிகாட்டிகளுக்குப் பயிற்சி இருந்ததா என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். அவை விசாரிக்கப்பட்டன, மலையேற்றத்துக்கு விதிமுறைகளும் வந்தன. இந்தக் கேள்வி அந்த வகையைச் சேர்ந்ததில்லை. இறந்தவர்களில் ஆண்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மலையில் என்ன வேலை என்று யாரும் கேட்டு என் காதில் விழவில்லை.

‘என்ன வேலை?’ என்ற சொற்களை அப்படியே எடுத்துப் பாருங்கள். பெண் ஓரிடத்தில் இருப்பதற்கு வேலைதான் அனுமதிச் சீட்டு. போடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு, தூக்குவாளிச் சோற்றோடு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் பெண்கள் போகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகள், மழை, அட்டை, செடிக்கு அடித்த மருந்தின் நெடி. ‘பொம்பளைக்கு மலையில என்ன வேலை’ என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. வேலை இருக்கிறதே! அதே மலைக்கு, புல்வெளியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்காக மட்டும் ஒரு பெண் போனால் கேள்வி முளைக்கிறது. மலையில் பெண்ணின் உடல் இருப்பதில் யாருக்கும் சங்கடமில்லை. அவள் கண்ணுக்கு அங்கே சொந்தமாக ஒரு காரணம் இருப்பதுதான் உறுத்துகிறது.

குரங்கணியில் இறந்த பெண்களும் போடி ஜீப்பில் போகும் பெண்களும் வேறு வேறு வர்க்கம். ஒருத்தி விடுமுறையில் வந்தவள், இன்னொருத்திக்கு விடுமுறை என்றால் கூலி போய்விடும். அந்த இடைவெளியை நான் மறைக்கவில்லை. ஆனால் இருவரையும் அளக்கும் கோல் ஒன்று. வேலைக்கு வந்தாயா, சரி. பார்க்க வந்தாயா, ஏன்?

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. கூலிக்கும் கழிப்பறைக்கும் போராடுகிறவளுக்குப் பார்வையும் சினிமாவும் ஆடம்பரமில்லையா? முதலில் வயிறு, பிறகு கண் என்று நம்மில் பலர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். இதற்குப் பதில் குரங்கணிக்கு நேர் மேலே, டாப் ஸ்டேஷனைத் தாண்டி மூணாறில் இருக்கிறது. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று அந்தப் போராட்டம் பெயர் பெற்றது. தங்கள் பெயரில் பேசிவந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைக் கூட்டத்துக்குள் விடவில்லை. ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் பெற்றார்கள். அவர்கள் முதலில் கேட்டது காசுதான். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்கிறது. யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், யாருடைய வீடு எப்படி உயர்ந்தது, தங்கள் லயத்து வீடு எப்படி இருக்கிறது என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பார்த்து, தங்களுக்காக யார் பேசலாம் என்பதைத் தாங்களே தேர்வு செய்திருக்கிறார்கள். கண் திறந்த பிறகுதான் வயிற்றுக்குக் கிடைத்தது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ முந்தைய காலத்துக் கதை என்பதால் இது அதில் இல்லை. இனி வரும் மலைப் படத்தில் இல்லாமல் போனால் கேட்பேன்.

குரங்கணித் தீக்கு இரண்டு மாதம் கழித்து, 2018 மே 12 அன்று, கான் திரைப்பட விழாவின் படிக்கட்டில் 82 பெண்கள் ஒன்றாக நின்றார்கள். 1946 முதல் அதுவரை அந்த விழாவின் போட்டிப் பிரிவுக்குப் பெண்கள் 82 முறைதான் இயக்குநர்களாக அந்தப் படியேறியிருந்தார்கள். ஆண்களின் கணக்கு ஆயிரத்து அறுநூறைத் தாண்டும். அதையடுத்து விழாக்கள் கையெழுத்திட்ட உறுதிமொழியில் எனக்கு முக்கியமாகப் பட்டது, தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் யார் என்று வெளியே சொல்ல வேண்டும் என்பது. படம் எடுப்பவர் யார் என்பதோடு நின்றுவிடாமல், ஒதுக்குகிற கை யாருடையது என்றும் கேட்டார்கள். தமிழிலும் இந்தக் கேள்விக்கு வேளை வந்துவிட்டது. லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ 2019இல் பூசானுக்குப் போனது. வர்ஷா பரத்தின் ‘பேட் கேர்ள்’ 2025இல் ராட்டர்டாமில் திரையிடப்பட்டு விருதும் பெற்றது. இங்கேயோ அதன் முன்னோட்டக் காட்சியை நீக்கச் சொல்லி வழக்கு நடந்தது. பெண்ணின் ஆசையைப் பெண்ணே பார்த்துச் சொன்னால், ‘என்ன வேலை’ என்ற அதே குரல் நீதிமன்றம் வரை போகிறது.

பெண் இயக்குநர், பெண் தேர்வாளர் என்பதோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. கடைசி இருக்கை பார்வையாளருடையது. அதற்கு வேண்டியது நேரம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். அப்படி வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். அந்த வித்தியாசத்தில் ஒரு முழுநீளப் படமே அடங்கிவிடும், இடைவேளையோடு. ஏழு எட்டு நாள் நடக்கும் விழாவுக்கு அடையாள அட்டை மாட்டிக்கொண்டு காலை முதல் இரவு வரை படம் பார்க்கும் சுகத்தைப் பற்றி நண்பர்கள் பேசும்போது, வீட்டில் அந்த நாள்களின் சோற்றை யார் வடித்தார்கள் என்ற எண்ணம் எனக்கு வராமல் போவதில்லை.

ஏலக்காய் பொறுக்குகிற பெண் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று இங்கே எழுதிவிட எனக்கு ஆசைதான். எழுதமாட்டேன். அவளுக்குப் பதிலாக நான் பார்த்துச் சொல்வதும் அவளிடமிருந்து பறிப்பதுதான். படம் பொய் என்று அவள் சொல்லலாம், அழலாம், நடுவில் எழுந்து போகலாம், இதைவிட ஒரு சண்டைப் படம் போடு என்று கேட்கலாம். அந்தத் தீர்ப்புகளில் எதுவும் பூசானின் தீர்ப்புக்குக் கீழானது இல்லை.

ஆகவே விழாக்களிடம் நான் கேட்பது நன்றியுரையில் மலைமக்களைப் பற்றி ஒரு வரி கூடுதலாகச் சொல்வதை இல்லை. மலையைப் பற்றி எடுத்த படம் மலையடிவாரத்துக்கும் வரட்டும். வேலை நாள் மாலையில் வேண்டாம். ஜீப்புகள் ஓடாத ஒரு நாளில், வீட்டு ஆண்கள் உலை வைக்கிற நேரத்தில் போடட்டும். அடுத்த முறை எந்தப் படத்தைப் போடுவது என்று அந்தப் பெண்களிடமே கேட்கட்டும். நல்லதையும் சொத்தையையும் பிரித்தறிய அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.