மறந்தவரை மறக்கலாமா?

சாகாவரத்தை விரும்பாத மாந்தர் எவர்? ஜோனதன் சுவிப்ட் 1726ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ அவ்வரத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதில் வரும் ‘ஸ்ட்ரல்பிரக்’ மாந்தர்க்கு இறப்பில்லை, மூப்பு உண்டு. தொண்ணூறு வயதில் பல்லும் முடியும் உதிரும்; உற்றார் பெயரும் மறந்துபோகும். எண்பது நிறைந்ததுமே சட்டம் அவர்களை இறந்தோராகக் கருதும். சொத்து வாரிசுகளைச் சேரும்.

இது வெறும் கற்பனையன்று. மூளையைச் சிதைத்து நினைவை அழிக்கும் நோயொன்றை 1906ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் ஆல்சைமர் எடுத்துரைத்தார். பெரும்பாலும் முதுமையில் வரும் அந்நோய் கண்ட என் ஆசிரியரைக் காணக் கிள்ளான் சென்றிருந்தேன். என்னை அவர் அறிந்திலர். அவர் முன்னிலையிலேயே பிள்ளைகள் வீட்டை விற்பது குறித்து வாதிட்டனர். நானும் அவரை விடுத்து, அவர்களிடமே அவர் நலம் விசாரித்தேன்.

உடன் வந்த மாணவன், பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய சீப்பை நீட்டி, “ஐயா, வாளைப்பளம்” என்றான். பெரியவர் நிமிர்ந்து, “ழகரம், தம்பி” என்றார். நான் தலைகுனிந்தேன்.

பிழை திருத்தியதனால்தான் அவர் மதிப்புக்கு உரியவரானாரா? அன்று. அந்த ழகரமும் நாளை அவரை விட்டகலலாம். மதிப்பு என்பது நினைவாற்றலுக்கு நாம் தரும் கூலியன்று. நினைவிழந்தோரை இறந்தோராக்கும் சட்டம் நம் நாட்டு ஏட்டில் இல்லை. நம் நடத்தையில் இருக்கிறது.

நம் பெயரை அறியுமுன்பே குழந்தையிடம் நாம் பேசினோம் அல்லவா? மறந்த பின்பும் முதியவரிடம் பேசுவோம்.