பொதுப் பேரேடும் சுமப்போரும்

கட்டணம் செலுத்திவிட்ட ஒருவர், பிறர் சுமந்து காக்கும் ஏட்டிலே தாம் விரும்பிய எதனையும் எழுதலாமா? பிட்கொயின் என்னும் மின்னாணயத்தைப் பேணுவோரிடையே 2025இல் மூண்ட பிணக்கின் சாரம் இதுவே. கணினி வல்லுநரின் வீட்டுச் சண்டையென்று இதனை நாம் ஒதுக்கிவிடுதல் தகாது.

2009இல் தொடங்கிய இந்நாணயத்துக்கு மத்திய வங்கி கிடையாது. கொடுக்கல் வாங்கல் யாவும் ஒரு பொதுப் பேரேட்டிலே பதியப்படுகின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் புதிய ஏடொன்று சேர்கின்றது. சேர்ப்பவரைச் 'சுரங்கத்தார்' என்பர். மண் தோண்டுவோரல்லர், மின்சாரத்தை விழுங்கும் எந்திரங்களின் உடைமையாளர். புதுநாணயமும் கட்டணமும் அவர்களுக்கே. பேரேட்டின் படியைத் தம் கணினியில் வைத்துச் சரிபார்க்கும் பல்லாயிரவருக்கோ ஒரு சதமும் இல்லை.

2023 ஜனவரியில் 'ஓர்டினல்ஸ்' முறை வந்தபின், படங்களையும் எழுத்துக்களையும் பேரேட்டிலே பொறிக்கும் வேட்கை பரவிற்று. கொடுக்கல் வாங்கலோடு இணைக்கும் தரவுக்கென இருந்த 80 பைற் எல்லையை, 'பிட்கொயின் கோர்' மென்பொருளின் முப்பதாம் பதிப்பு 2025 ஒக்டோபரில் 100,000 பைற்றாக உயர்த்தியது. எதிர்த்தோர் பலர் 'நொட்ஸ்' என்னும் மாற்று மென்பொருளை நாடினர்.

உயர்த்தியோரின் வாதம் வலுவற்றதன்று. அவ்வெல்லை சட்டமன்று, அவரவர் கணினி கடைப்பிடித்த வழக்கமே. பெருஞ் சுரங்கத்தாரிடம் நேரே கொடுத்தால் நீண்ட தரவும் ஏறிவிடும்; வருவாயும் அவர்களிடமே குவியும். எது தகும், எது தகாது என்று ஒருவர் தீர்ப்பளிக்கத் தொடங்கினால், நாளை ஓர் அரசு அக்கோலை ஏந்தும் என்ற அச்சமும் பொய்யன்று. மேலும், முதல் ஏட்டிலேயே, வங்கிகளை மீட்கும் பிரித்தானிய அரசு பற்றிய 'ரைம்ஸ்' செய்தித் தலைப்பொன்று பொறிக்கப்பட்டுள்ளதே! தூய்மை பேசுவோர் இதனைச் சற்று நினைத்தல் நன்று.

ஆயினும், 'கட்டணம் கொடுத்தாயிற்று' என்பதை நாம் ஏற்கவியலாது. யாருக்குக் கொடுத்தாயிற்று? பணம் சுரங்கத்தாரின் பைக்குள் ஒருமுறை போகின்றது. தரவோ சரிபார்ப்பவரின் கணினியில் ஆண்டாண்டாய்க் கிடக்கின்றது. பழைய ஏடுகளைக் கழித்துவிடலாமே என்பர். எல்லோரும் கழித்துவிட்டாற் புதிதாக வருபவர் எதனைக்கொண்டு சரிபார்ப்பார்?

எந்திர வலிமையே எப்போதும் வென்றதென்றும் சொல்வதற்கில்லை. 2017இல் ஏட்டின் அளவைப் பெருப்பிக்கப் பெருஞ் சுரங்கத்தார் பலர் முனைந்தபோது, சிறு கணினிகளை இயக்கியோர் எதிர்த்து நின்றனர். ஓகஸ்டில் ஒரு சாரார் பிரிந்து 'பிட்கொயின் காஷ்' கண்டனர். மூல நாணயத்தில் அளவை இரட்டிப்பாக்கும் திட்டமோ நவம்பரில் கைவிடப்பட்டது.

ஆனால் அன்றும் இன்றும் அவர்களுக்கொரு மன்றமில்லை, வாக்குமில்லை. விரும்பாதவர் வேறு மென்பொருளை இயக்கலாம். ஏட்டில் ஏறிவிட்டதை மட்டும் அவரும் ஏற்றுச் சரிபார்த்தே ஆகவேண்டியிருக்கின்றது.